கல்லுக்குள் பொன் ஊசிகள்

படிகக் கற்களை வாங்குமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

நவரத்தினக் கல் வாங்கப் போகும் நம்மவர்கள் கடைக்காரரிடம் முதலில் கேட்பது, “கல்லில் தோஷம் ஏதும் இல்லையே?” என்பதுதான். இந்தக் கேள்விக்கு வயது அதிகம். சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் மதுரையின் ரத்தினக் கடைவீதி வருகிறது. காக்கைக் கால் போன்ற கீற்று, களங்கம், புள்ளி, கோடு என வயிரத்துக்கு ஆகாத குற்றங்களை இளங்கோவடிகள் அங்கே பட்டியலிடுகிறார். கல் என்றால் உள்ளே ஒன்றும் இருக்கக் கூடாது என்பது நம் வணிகர்களின் நெடுநாள் இலக்கணம்.

அந்த இலக்கணத்தைத் தலைகீழாக்கும் கல் ஒன்று உண்டு. அதுதான் படிகம். ஆங்கிலத்தில் குவார்ட்ஸ் என்பார்கள். உள்ளே ஊசி இருந்தால் ஒரு விலை, பாசி போன்ற பச்சை இருந்தால் ஒரு விலை, நீர்க்குமிழி ஆடினால் வேறொரு விலை. ஒன்றுமே இல்லாத தெளிந்த கல்தான் பல கடைகளில் மலிவாகக் கிடக்கிறது. கோலாலம்பூரின் பேரங்காடிகளிலும், சிங்கப்பூரில் கிருஷ்ணன் கோயில் இருக்கும் வாட்டர்லூ ஸ்திரீட்டை ஒட்டிய ஃபூ லூ ஷோ வளாகத்திலும், முகநூல் நேரலை விற்பனைகளிலும் இந்தக் கற்கள் இன்று சூடாக விலைபோகின்றன. வாங்குவோரில் நம்மவர்களும் பலர். ஆசைப்பட்டு வாங்குவதில் தவறில்லை. கொடுக்கும் காசுக்குக் கல்தான் கிடைக்கிறதா, கண்ணாடி கிடைக்கிறதா என்பதைத் தெரிந்து வாங்க வேண்டும்.

எது படிகம்?

படிகம் என்பது சிலிக்கான் டை ஆக்சைடு. கடற்கரை மணலில் பெரும்பகுதியும் இதுதான். பூமியின் கண்டப் பகுதி மேலோட்டில் ஃபெல்ட்ஸ்பாருக்கு அடுத்து அதிகமாகக் காணப்படும் கனிமம் இது. செவ்வந்திக்கல் எனப்படும் அமெதிஸ்ட், மஞ்சள் சிட்ரின், இளஞ்சிவப்பு ரோஸ் குவார்ட்ஸ் ஆகியவை எல்லாம் படிகத்தின் பிள்ளைகளே. கடினத்தன்மையை அளக்கும் மோஸ் அளவையில் படிகத்துக்கு 7. சாதாரணக் கண்ணாடிக்கு ஏறக்குறைய ஐந்தரை.

தமிழருக்கு இது புதிய கல் அன்று. ‘பளிங்கு’ என்ற சொல் இன்று தரைக்குப் போடும் மார்பிளுக்குப் போய்விட்டாலும், பழைய இலக்கியத்தில் பளிங்கு என்றால் பெரும்பாலும் இந்தப் படிகம்தான். மணிமேகலையில் ‘பளிக்கறை புக்க காதை’ என்று ஒரு காதையே இருக்கிறது. ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் ஆற்றங்கரையில் உள்ள கொடுமணலில் அகழாய்வு செய்தபோது, படிகம், பச்சைக்கல், சூதுபவளம் போன்ற கற்களில் மணி செய்த பட்டறைகளின் தடயங்கள் கிடைத்தன. முடித்த மணிகளோடு, துளையிடாமல் பாதியில் நின்ற மணிகளும் அங்கே கிடந்தன. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம்மவர்கள் இந்தக் கல்லை அறுத்துத் தேய்த்திருக்கிறார்கள். இராமேசுவரத்தில் அதிகாலை தரிசனம் தரும் ஸ்படிக லிங்கத்தையும், சிதம்பரத்தில் அபிஷேகம் நடக்கும் ஸ்படிக லிங்கத்தையும் பார்க்காத பக்தர்கள் குறைவு.

ஊசி எப்படி உள்ளே போனது?

கல்லுக்குள் சிக்கியிருக்கும் பிற பொருள்களை நகைக்கல் துறையில் ‘இன்க்ளூஷன்’ என்கிறார்கள். நாம் உட்பொருள் என்று வைத்துக்கொள்வோம்.

பாறை வெடிப்புகளில் சிலிக்கா கரைந்த வெந்நீர் ஓடுகிறது. அது மெல்லக் குளிரும்போது படிகம் வளர்கிறது. சில சமயம், படிகம் வருமுன்பே வேறொரு கனிமம் அந்த இடத்தில் ஊசி ஊசியாக முளைத்திருக்கும். படிகம் அதைச் சுற்றி வளர்ந்து மூடிக்கொள்ளும். சில சமயம் இரண்டும் சேர்ந்தே வளரும். இன்னும் சில சமயம், கல் வளர்ந்த பிறகு விரிசல் வழியாக இரும்புக் கரைசல் புகுந்து உள்ளே படிந்துவிடும்.

படிகத்தின் வளர்ச்சி இடையில் நின்று, அதன் முகங்களில் பச்சைத் தூள் படிந்து, பிறகு மீண்டும் வளர்ந்தால், பெரிய கல்லுக்குள் சின்னக் கல்லின் உருவம் நிழலாகத் தெரியும். இதை ‘பேன்டம்’ என்பார்கள். சீனக் கடைகளில் பச்சை நிற பேன்டத்துக்கு ‘பச்சை ஆவி’ என்று பொருள்படும் பெயர்.

கல் வளர்ந்த காலத்து நீரே உள்ளே அடைபடுவதும் உண்டு. சூடாக அடைபட்ட நீர் குளிர்ந்து சுருங்கும்போது, அந்த இடத்தில் ஒரு குமிழி உண்டாகிறது. புவியியலாளர்கள் இப்படிப்பட்ட கல்லின் மெல்லிய துண்டை நுண்ணோக்கியில் வைத்துச் சூடாக்குவார்கள். எந்த வெப்பத்தில் குமிழி மறைகிறதோ, குறைந்தது அந்த வெப்பத்திலாவது கல் உருவாகியிருக்கும் என்று கணக்கிடுவார்கள். தாதுக்கள் எங்கே, எப்படித் தோன்றின என்று ஆராய்வதற்கு இந்தக் குமிழி உதவுகிறது.

நம் நாட்டிலேயே இதற்குப் பெரிய சாட்சி இருக்கிறது. தாமான் மெலாவத்தி பக்கம் போனால் கண்ணில் படும் புக்கிட் தாபோர், கிள்ளான் கேட்ஸ் குவார்ட்ஸ் தொடரின் ஒரு பகுதி. சுமார் 15 கிலோமீட்டர் நீளும் இந்தப் படிகச் சுவர், யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தலங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. அந்தப் பாறை ஏன் பால் போல் வெளுத்திருக்கிறது? கண்ணுக்குத் தெரியாத எண்ணற்ற நீர்த்துளிகள் உள்ளே அடைபட்டு ஒளியைச் சிதறடிப்பதால்தான் பால் படிகத்துக்கு அந்த வெண்மை. பகாங்கின் ரவூப்பில் 1889-இல் தொடங்கப்பட்ட ஆஸ்திரேலிய நிறுவனம் பொன் எடுத்ததும் படிக நரம்புகளில் இருந்துதான். பொன்னும் ஓர் உட்பொருளே!

ஒன்று சொல்லிவிட வேண்டும். புக்கிட் தாபோர் பார்க்க வேண்டிய இடம். உடைத்து எடுத்துவர வேண்டிய இடமன்று. ஈப்போவில் உள்ள கனிமப் புவியறிவியல் துறையின் புவியியல் காட்சியகத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள். உண்மைக் கல் எப்படி இருக்கும் என்று கண் பழகிவிடும்.

கடையில் என்னென்ன கிடைக்கும்?

ரூட்டைல் படிகம்: டைட்டானியம் டை ஆக்சைடு பொன்னிற ஊசிகளாக, செம்பு நிற முடிகளாக உள்ளே கிடக்கும். பிரேசிலின் பாஹியா மாநிலம் இதற்குப் பேர்போனது. அங்குள்ள நோவோ ஹொரிசோன்ச்சி பகுதிக் கற்களில், கறுத்த ஹேமடைட் தகடு ஒன்றிலிருந்து பொன் ஊசிகள் ஆறு திசையிலும் விண்மீன் போல் விரிந்திருக்கும். சீனர்கள் இதை ‘ஃபா ஜிங்’, அதாவது முடிப் படிகம் என்பார்கள். எளிய சீன எழுத்தில் ‘முடி’க்கும் ‘கோங் சி ஃபா சாய்’ வாழ்த்தில் வரும் ‘ஃபா’வுக்கும் ஒரே எழுத்து, உச்சரிப்பில் ஏற்ற இறக்கம் மட்டும் மாறும். முடி செல்வமாகிவிட்டது. நம் ஊரில் இதன் விலை ஏறியதற்கு இந்தச் சொல் விளையாட்டும் ஒரு காரணம்.

டூர்மலின் படிகம்: தெளிந்த கல்லில் மையால் கோடு கிழித்தது போல் கறுப்புக் குச்சிகள் இருக்கும். விலையும் பெரும்பாலும் ரூட்டைலைவிடக் குறைவு. புதிதாகத் தொடங்குவோருக்கு நல்ல கல்.

தோட்டப் படிகம்: குளோரைட் போன்ற கனிமங்கள் பச்சை, பழுப்பு, செம்மண் நிறங்களில் படிந்து, கல்லின் அடியில் குளமும் பாசியும் கிடப்பது போன்ற காட்சி தரும். குவிந்த முகப்பாகத் தேய்த்தால்தான் அழகு தெரியும்.

ஸ்ட்ராபெரி படிகம்: இரும்புக் கனிமத்தின் சிறு சிவப்புத் தகடுகளால் நிறம் பெற்றது. போலிகள் மிகுந்த வகை.

எண்ணெய்ப் படிகம்: பாகிஸ்தானின் பலுசிஸ்தானில் கிடைக்கும் சில சிறிய கற்களில் மஞ்சள் நிறப் பெட்ரோலியத் துளிகள் அடைபட்டிருக்கும். புறஊதா விளக்கைக் காட்டினால் அந்தத் துளிகள் மட்டும் ஒளிரும்.

பச்சை அவென்சூரின்: ஃபுக்சைட் என்னும் பச்சை அபிரகத் துகள்கள் நிறைந்து மினுக்கும் படிகம். இந்தியாவிலிருந்து நிறைய வருகிறது.

போலி எங்கே நுழைகிறது?

முதல் போலி, பெயரில் நுழைகிறது. ‘செர்ரி குவார்ட்ஸ்’, ‘புளூபெரி குவார்ட்ஸ்’, ‘உருக்கிய குவார்ட்ஸ்’ என்ற பெயர்களில் விற்பவை பொதுவாக வண்ணக் கண்ணாடி. செம்பழுப்பிலும் நீலத்திலும் பொடிப்பொடியாய் மின்னும் ‘கோல்ட் ஸ்டோன்’ இயற்கைக் கல்லே அன்று. அதுவும் வெனிஸ் நகரத்துக் கண்ணாடித் தொழிலில் பிறந்த பொருள். வேடிக்கை என்னவென்றால், அந்தக் கண்ணாடியின் பெயரைத்தான் பிறகு அவென்சூரின் என்று இயற்கைக் கல்லுக்கு வைத்தார்கள்.

இரண்டாவது, ஒட்டுக்கல். மேலே உண்மையான தெளிந்த படிகம். அடியில் வண்ணப் பொடியும் பசையும். ‘தோட்டம்’ முழுவதும் ஒரே தட்டையான கோட்டில் நின்றுவிட்டால், கல்லைப் பக்கவாட்டில் திருப்பி ஒட்டு இருக்கிறதா என்று தேடுங்கள். அடிப்பக்கத்தை மூடிச் செய்த மோதிரத்தில் இதைக் காண முடியாது என்பதால், திறந்த அடியுள்ள நகையையே கேளுங்கள்.

மூன்றாவது, சாயம். படிகத்தைச் சூடாக்கிச் சட்டென்று சாயநீரில் போட்டால், கல் முழுதும் நுண் விரிசல் விட்டுச் சாயத்தை உறிஞ்சிக்கொள்ளும். கல் உண்மை, நிறம் பொய். விரிசல் கோடுகளில் மட்டும் நிறம் தடித்துத் தெரிந்தால் இதுதான்.

நான்காவதைப் போலி என்று சொல்ல முடியாது. ஆனால் சொல்லாமல் விற்பது தவறு. சந்தையில் உள்ள சிட்ரினில் பெரும்பகுதி, சூடேற்றி மஞ்சளாக்கிய அமெதிஸ்ட். அமெதிஸ்டுக்குள் பொன்னிறக் கீற்றுகளாகத் தெரிந்து ‘காகோக்சனைட்’ என்று விலை கூட்டப்படுபவை பெரும்பாலும் கோதைட் என்ற சாதாரண இரும்புக் கனிமம்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகள்

பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று வாங்குங்கள். கல்லுக்குப் பின்னால் கறுப்புத் துணியைப் பிடித்து, பக்கவாட்டிலிருந்து கைவிளக்கு அடியுங்கள். உருண்டையான காற்றுக் குமிழிகளும், பாகு கலக்கியது போன்ற சுழிகளும் தெரிந்தால் அது கண்ணாடி. இயற்கை ரூட்டைல் ஊசிகள் நேராகவும் கூர்மையாகவும், வெவ்வேறு ஆழத்திலும் கிடக்கும். எல்லா ஊசியும் ஒரே நீளம், ஒரே தடிப்பு, ஒரே மட்டம் என்றால் சந்தேகப்படுங்கள்.

படிகம் கண்ணாடியைவிடச் சூட்டை வேகமாகக் கடத்தும். அதனால் கன்னத்தில் வைத்தால் கண்ணாடியைவிடக் கூடுதலாக, கூடுதல் நேரம் சில்லென்று இருக்கும். இது குறிப்பு மட்டுமே, தீர்ப்பு அன்று.

படிக உருண்டை என்றால், அதை ஒரு தலைமுடியின் மேல் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பாருங்கள். படிகம் ஒளியை இரண்டாகப் பிரிக்கும் இயல்புடையது என்பதால் ஒரு முடி இரண்டாகத் தெரியும். ஒரு திசையில் மட்டும் ஒன்றாகத் தெரியலாம். கண்ணாடி உருண்டையில் எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரு முடிதான்.

எல்லாவற்றிலும் நம்பகமானது எடைச் சோதனை. ஒரு கிராமின் பத்தில் ஒரு பங்கு வரை காட்டும் சிறு தராசு போதும். முதலில் கல்லை எடை போடுங்கள். பிறகு ஒரு கோப்பைத் தண்ணீரைத் தராசில் வைத்து, எண்ணைச் சுழியம் ஆக்குங்கள். கல்லை நூலில் கட்டி, அடியிலும் ஓரத்திலும் படாமல் நீருக்குள் முழுதும் தொங்கவிடுங்கள். முதல் எடையை இப்போது தராசு காட்டும் எண்ணால் வகுங்கள். படிகத்துக்கு 2.65 வரவேண்டும். 53 கிராம் கல் என்றால் நீரில் தராசு 20 காட்டும். அதே எடையுள்ள சாதாரணக் கண்ணாடி 21-க்குச் சற்று மேல் காட்டும். பிசின் என்றால் நாற்பதைத் தாண்டிவிடும். ரூட்டைல் கனமான கனிமம் என்பதால், ஊசி அடர்ந்த கல்லில் விடை 2.65-க்குச் சற்று மேலே போகலாம். மாலை, வளையல்களில் துளைக்குள் காற்று தங்கினால் கணக்கு தவறும். மிகச் சிறிய கல்லுக்கும் இந்தச் சோதனை சரிவராது.

கத்தியால் கீறுவது, நெருப்பில் காட்டுவது வேண்டாம். உண்மைக் கல்லும் கெட்டுவிடும். உள்ளே நீர் அடைபட்ட கல் சூட்டில் வெடிக்கவும் கூடும். விலை பெரிதாக இருந்தால் நகைக்கல் ஆய்வகத்துக்குக் கொண்டுபோவதே முறை. ஐம்பது வெள்ளிக் கல்லுக்கு அது கட்டுப்படியாகாது என்பதையும் மறக்க வேண்டாம்.

விலையில் விழாமல் இருக்க

கல்லைச் சிலர் துண்டாக, சிலர் கிராமுக்கு, சிலர் கேரட்டுக்கு விலை சொல்வார்கள். ஒரு கிராமுக்கு 5 கேரட். “கேரட் எட்டு வெள்ளிதான் அண்ணே” என்று கேட்கும்போது மலிவாகத் தோன்றும். 20 கிராம் பதக்கம் 100 கேரட். ஆக, 800 வெள்ளி! விலையை எப்போதும் மொத்தமாகச் சொல்லச் சொல்லுங்கள்.

தரத்தைப் பார்க்கும்போது நான்கைக் கவனியுங்கள். முதலாவது, ஊசியைச் சுற்றியுள்ள படிகம் தெளிவாக இருக்கிறதா? இரண்டாவது, ஊசிகளின் நிறமும் அடுக்கும் கண்ணுக்கு நிறைவாக இருக்கின்றனவா? மூன்றாவது, கல்லைத் தேய்த்தவர் அந்தக் காட்சியை நடுவில் வரும்படி தேய்த்திருக்கிறாரா? நான்காவது, ஊசிகள் மேற்பரப்பு வரை வந்து குழி விட்டிருக்கின்றனவா? குழிகளில் நாளடைவில் அழுக்குச் சேரும். அங்கிருந்து கல் உடையவும் வாய்ப்புண்டு.

நேரலையில் வாங்குவோருக்குத் தனியாக ஒரு சொல். அடியில் பலமான விளக்கு வைத்தால் எந்தக் கல்லும் தேவலோகத்துக் கல்லாகத் தெரியும். பகல் வெளிச்சத்தில் எடுத்த காணொளியும், தராசில் வைத்த படமும் கேளுங்கள். “இயற்கைப் படிகம், சாயம் இல்லை, ஒட்டு இல்லை” என்று ரசீதிலோ வாட்சாப்பிலோ எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்குபவரிடம் வாங்காமல் இருப்பது நல்லது.

ஏமாந்துவிட்டால் வாயைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளைப் பதியலாம். கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை. சிங்கப்பூரில் சிறு கோரிக்கை நடுவர் மன்றங்கள் 20,000 வெள்ளி வரை விசாரிக்கின்றன. ரசீதும் எழுத்து உறுதியும் கையில் இருந்தால்தான் அங்கே நம் பேச்சு எடுபடும்.

நம்பிக்கைக்கு ஒரு விலையா?

கடன் தீரும், கடை ஓடும், கண்ணேறு போகும் என்று சொல்லி, நூறு வெள்ளிக் கல்லை ஆயிரம் வெள்ளிக்கு விற்பவர்களும் இருக்கிறார்கள். ஸ்படிக மாலை அணிவது வழிபாடு. அதில் கேள்வி இல்லை. ஆனால் ஒரு கல் பணம் வரவழைக்கும் என்பதற்கு எந்தச் சான்றும் இல்லை. குடும்பத்தில் நோயோ கடனோ இருக்கும்போதுதான் இந்தப் பேச்சுக்கு மனம் இளகும். அந்த நேரத்தில் கல் வாங்க முடிவெடுக்க வேண்டாம். இந்தக் கல் அதிர்ஷ்டம் தராவிட்டாலும் இந்த விலைக்கு வாங்குவேனா என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டால், பாதிச் செலவு மிஞ்சும்.

முதலீடாக வாங்குவோரும் யோசிக்க வேண்டும். கடையில் வாங்கிய விலைக்குத் திரும்ப விற்பது கடினம். தங்கத்துக்கு அன்றாட விலை இருக்கிறது. தோட்டப் படிகத்துக்கு அப்படி ஒன்று கிடையாது.

சேர்ப்பதும் பேணுவதும்

கண்டதையெல்லாம் வாங்காமல் ஒரு வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். ஊசிக் கற்கள் மட்டும், அல்லது நீர் அடைபட்டவை மட்டும் என்று தொடங்கலாம். ஒவ்வொரு கல்லுக்கும் சிறு அட்டை எழுதுங்கள்: என்ன கல், எந்த ஊர் சுரங்கம், எடை, வாங்கிய தேதி, கொடுத்த விலை. பிறந்த ஊர் தெரிந்த கல்லுக்குத்தான் சேகரிப்பாளர்களிடம் மதிப்பு.

மிதமான சோப்பு நீரும் மென்மையான தூரிகையும் சுத்தம் செய்யப் போதும். நகைக்கடைகளில் உள்ள அல்ட்ராசோனிக் இயந்திரத்தில் போட வேண்டாம். அமெதிஸ்டும் ரோஸ் குவார்ட்ஸும் வெயிலில் நிறம் மங்கக் கூடியவை. படிக உருண்டையைச் சன்னல் ஓரம் வைக்காதீர்கள். அது லென்ஸ் போல் வெயிலைக் குவித்துத் துணியில் தீ பிடிக்கச் செய்யும்.

இந்தப் பொழுதுபோக்கில் ஆர்வம் கூடி, கல்லை வீட்டிலேயே அறுத்துத் தேய்க்க நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. படிகத் தூள் நுரையீரலில் தங்கினால் சிலிக்கோசிஸ் என்னும் நோய் வரும். அதற்கு முழுக் குணம் இல்லை. படிக இனத்தைச் சேர்ந்த அகேட் கற்களைத் தேய்க்கும் குஜராத்தின் கம்பாத் நகரத் தொழிலாளர் குடும்பங்கள் பல, இந்த நோயால் சீரழிந்திருக்கின்றன. தண்ணீர் விட்டு, தகுந்த முகக்கவசம் அணிந்துதான் கல்லில் கை வைக்க வேண்டும். பேரம் பேசி ஐந்து வெள்ளிக்கு வாங்கும் வளையலுக்குப் பின்னால், எங்கோ ஒருவர் அந்தத் தூளைச் சுவாசித்திருக்கக்கூடும் என்பதையும் நினைவில் வைப்போம்.

புதிதாக எதையும் வாங்குவதற்கு முன், வீட்டில் இருக்கும் பழைய ஸ்படிக மாலையையோ பாட்டியின் மோதிரத்தையோ எடுத்து, கைவிளக்கைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். மெல்லிய முகில் போல் ஒரு திரை, ஒரு புள்ளி, ஒரு கோடு தெரிந்தால், தோஷம் என்று முகம் சுளிக்காதீர்கள். அந்தக் கல் மண்ணுக்கடியில் வளர்ந்த காலத்தின் குறிப்பு அது.